பாட்டு எடுத்துக் கொடுத்தல்

சனிக்கிழமை சாயங்காலம் உபதேசியார் வீட்டு வாசலில் வந்து நிற்கிறார். "நாளைக்கு ஆர்மோனியக்கார அண்ணாச்சி ஊர்ல இல்ல. பாட்டு நீங்கதான் எடுக்கணும்." பதிலுக்குக் காத்திராமல் போயும் விடுகிறார். இந்த அத்தியாயம் அப்படி மாட்டிக்கொண்டவருக்கானது. நாற்பதிலிருந்து எண்பது பேர் கூடுகிற கோயில், பயிற்சி பெற்ற பாடகர் குழு கிடையாது, ஒரு பழைய ஆர்மோனியமோ சின்ன கீபோர்டோ இருக்கலாம், இல்லாமலும் போகலாம். திருநெல்வேலிப் பக்கத்து சி.எஸ்.ஐ. கிராமச் சபைகளை மனதில் வைத்து எழுதுகிறேன். மற்றச் சபையார் ஆராதனை முறைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். கட்டையும் (பாடும் சுருதி) தாளமும் எல்லாச் சபைக்கும் ஒன்றுதான்.

அடிபம்பில் தண்ணீர் வராவிட்டால் ஒரு செம்பு தண்ணீரை மேலே ஊற்றி அடிப்போம். தண்ணீர் வந்த பிறகும் யாரும் ஊற்றிக்கொண்டே இருப்பதில்லை. உங்கள் குரல் அந்த முதல் செம்பு. சபை பாட ஆரம்பித்ததும் நீங்கள் குறைய வேண்டும். கீழே சொல்லியிருக்கிற எல்லாமே இந்த ஒரு வேலைக்காகத்தான்.

கையிலுள்ள புத்தகத்தைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள்

நம் சபையில் பாடப்படுபவை பெரும்பாலும் மூன்று வகை. பாமாலை என்றும் ஞானப்பாட்டு என்றும் சொல்லப்படுபவை மேல்நாட்டு மெட்டில் அமைந்தவை. 1706-இல் சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்திறங்கிய பிறகு ஜெர்மன் பாட்டுகள் தமிழுக்கு வரத் தொடங்கின. பின்னால் வந்த பப்ரிசியுஸ் அந்த வேலையில் பெரும் பங்கு செய்தார். ஆங்கிலப் பாட்டுகளின் தமிழாக்கமும் பிறகு சேர்ந்தது. இரண்டாவது வகை கீர்த்தனை. தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) போன்றவர்கள் நம் ராக தாளத்திலேயே செய்தவை. மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப் 1853-இல் கீர்த்தனைத் தொகுப்பு ஒன்றை அச்சிட்டார். மூன்றாவது, கோரஸ் என்றும் புதுப் பாட்டு என்றும் சொல்கிறவை. வாலிபர்கள் போனிலிருந்து பிடித்து வருபவை.

சரித்திரம் இவ்வளவு போதும். பாட்டின் தலைப்பில் என்ன அச்சிட்டிருக்கிறது என்று பார்ப்பதுதான் நமக்கு முக்கியம்.

பாமாலையின் தலையில் பல பதிப்புகளில் எண்கள் இருக்கும்: 8.7.8.7, அல்லது எல்.எம்., சி.எம்., எஸ்.எம். ஒவ்வோர் அடியிலும் எத்தனை அசை என்ற கணக்கு அது. எல்.எம். என்றால் 8.8.8.8, சி.எம். என்றால் 8.6.8.6, எஸ்.எம். என்றால் 6.6.8.6. ஒரே எண்ணுள்ள இரண்டு பாட்டுகளுக்கு ஒரே மெட்டைப் போடலாம். ஐயர் (சபைக் குரு) கொடுத்த பாட்டின் மெட்டு சபைக்குத் தெரியாதா? அதே எண்ணுள்ள, தெரிந்த மெட்டு ஒன்றைப் பிடியுங்கள். ஆனால் வீட்டில் நாலு சரணமும் பாடிப் பார்க்காமல் கோயிலில் முயலாதீர்கள். எண் பொருந்தியும் பாவம் பொருந்தாமல் போவதுண்டு. லெந்து நாட்களில் பாட வேண்டிய பாட்டை நான் ஒருமுறை கிறிஸ்துமஸ் மெட்டில் எடுத்துவிட்டேன். பின் வரிசையில் சிரித்தது கேட்டது.

கீர்த்தனையின் தலையில் ராகமும் தாளமும் இருக்கும். செஞ்சுருட்டி, ஆதி, ஆனந்த பைரவி, ரூபகம் என்பதுபோல. ராகத்தைக் கண்டு பயப்பட வேண்டாம். சபைக்கு மெட்டு காதில் இருக்கிறது. உங்களுக்குத் தேவை தாளம். ஆதி என்றால் எட்டு: ஓர் அடி, மூன்று விரல், பிறகு இரண்டு தடவை அடியும் வீச்சும். ரூபகத்தை நடைமுறையில் மூன்றாக எண்ணலாம்: அடி, அடி, வீச்சு. சாபு என்று மட்டும் போட்டிருந்தால் ஏழா ஐந்தா என்று பாடிப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். ஏழு என்றால் தகிட தகதிமி, ஐந்து என்றால் தக தகிட.

குறிப்பு: பாட்டு எண் பதிப்புக்குப் பதிப்பு மாறுகிறது. பாட்டியின் கையில் இருப்பது கிழிந்துபோன பழைய புத்தகம், பேரன் கையில் போன் செயலி. ஆகவே எண்ணை மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். முதல் அடியையும் சொல்லுங்கள்.

சனிக்கிழமை வேலை

1. ஐயரிடமோ உபதேசியாரிடமோ அன்றைய வேதபாடத்தையும், திருவிருந்து உண்டா என்பதையும் கேளுங்கள். திருவிருந்து இருந்தால், சபையார் பந்திக்கு வந்து போகும் நேரத்துக்கு மட்டும் கூடுதலாக இரண்டு மூன்று பாட்டு வேண்டும்.

2. பாட்டுகளைத் தேர்ந்தெடுங்கள். முதல் பாட்டு, கண்ணை மூடிக்கொண்டு எல்லாரும் பாடுகிற பாட்டாக இருக்கட்டும். கடைசிப் பாட்டும் அப்படியே. புதியது ஒன்றுக்கு மேல் வேண்டாம். அதைப் பிரசங்கத்துக்கு முந்திய பாட்டாக வைக்காதீர்கள். சபை திணறினால் பிரசங்கிக்கிறவர் அந்தத் திணறலோடு ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.

3. எந்தச் சரணங்கள் என்று முடிவுசெய்யுங்கள். கீர்த்தனைகளில் ஏழெட்டுச் சரணம் இருப்பது சகஜம். வெட்டும்போது அர்த்தம் அறுபடுகிறதா என்று படித்துப் பாருங்கள். கதை சொல்லும் பாட்டில் 1, 2, 5 என்று தாவினால், பிறப்பிலிருந்து நேரே உயிர்த்தெழுதலுக்குப் போய்விடுவோம்.

4. கீர்த்தனையாக இருந்தால், சரணம் முடிந்து பல்லவிக்குத் திரும்பும்போது ஒரு தடவையா இரண்டு தடவையா என்பதை முடிவுசெய்து கீபோர்டு வாசிக்கிறவரிடம் சொல்லுங்கள். சின்னக் கோயில்களில் நடக்கும் குழப்பத்தில் பெரும்பங்கு இந்த ஓர் இடத்தில்தான் நடக்கிறது. பாதிப் பேர் பல்லவியை மறுபடி எடுப்பார்கள், பாதிப் பேர் அடுத்த சரணத்துக்குப் போயிருப்பார்கள்.

5. ஒவ்வொரு பாட்டுக்கும் கட்டை குறியுங்கள். எப்படி என்று அடுத்த பகுதியில் சொல்கிறேன்.

6. எல்லாவற்றையும் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதுங்கள்: எண், முதல் அடி, சரணங்கள், கட்டை, தாளம். இதன் பிரதி ஒன்று கீபோர்டுக்காரருக்கு, ஒன்று ஐயருக்கு.

7. எல்லாச் சரணத்தையும் ஒருமுறை வாய்விட்டு வசனமாகப் படியுங்கள். பாடாமல், படியுங்கள். மேல்நாட்டு மெட்டில் தமிழ் உட்காரும்போது ஒரு தொல்லை உண்டு. நீண்ட ஸ்வரத்தில் குறில் வந்து விழுந்தால் அது நெடிலாகிவிடும். பலம் பாலமாகும், விடு வீடாகும். அப்படிப்பட்ட இடத்தைப் பென்சிலால் வட்டமிடுங்கள். அடுத்து ம், ன், ல், ர் போன்ற மெய் இருந்தால் குறிலைச் சட்டென்று முடித்து மெய்யில் நின்று கொள்ளலாம். வல்லின மெய்யில் நிற்க முடியாது. அங்கே நீட்டத்தைக் கொஞ்சம் குறைத்து, மூச்சு வாங்கும் இடமாக்கிக்கொள்ளுங்கள். சபை உங்கள் வாயைப் பார்த்துத்தான் நீட்டுகிறது, குறைக்கிறது.

கட்டை

ஒரு பாட்டு கெட்டுப்போக நூறு வழி உண்டு என்றாலும் முதல் வழி இதுதான்: எடுத்துக் கொடுப்பவர் தனக்கு வசதியான கட்டையில் எடுப்பது. நல்ல குரல் உள்ளவர்கள்தான் இந்தத் தப்பை அதிகம் செய்கிறார்கள். நானும் செய்தேன். ஒரு பண்டிகை ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது ஒரு பாட்டி கையைப் பிடித்துக்கொண்டு, "எய்யா, இம்புட்டு ஒசக்க எடுத்தா எங்கள மாதிரி கெழவி எப்புடிய்யா பாடுவா?" என்று கேட்டார்கள். அதுவரை அந்தப் பக்கம் யாரும் பாடவில்லை என்பதையே நான் கவனித்திருக்கவில்லை.

ஆணும் பெண்ணும் சேர்ந்து ஒரே மெட்டைப் பாடும்போது பெண்கள் ஒரு ஸ்தாயி மேலே பாடுகிறார்கள். இரு தரப்புக்கும் சிரமமில்லாத எல்லை, சுமாராகக் கீழே ஆறு கட்டையிலிருந்து மேலே இரண்டு கட்டை வரை. ஆர்மோனியத்தில் அந்த இரண்டு கட்டைகளுக்கு நடுவே மெட்டு முழுவதும் அடங்கினால் எல்லாரும் பாடுவார்கள். மேலே மூன்று கட்டையைத் தொட்டால் பாதிச் சபை வாயை மட்டும் அசைக்கும். நாலைத் தொட்டால் அதுவும் நின்றுவிடும்.

கண்டுபிடிக்கும் முறை:

1. பாட்டில் மிக உயரமான இடத்தைத் தேடுங்கள். கீர்த்தனையில் அது பெரும்பாலும் அனுபல்லவியிலோ சரணத்தின் பின்பாதியிலோ இருக்கும். பல்லவியை மட்டும் பாடிப் பார்த்துக் கட்டையை முடிவு செய்வது பழைய தப்பு.

2. அந்த உச்ச ஸ்வரம் ஆதார ஸட்ஜத்துக்கு எவ்வளவு மேலே என்று பாருங்கள்.

3. உச்சத்தை மேல் இரண்டு கட்டையில் வைத்து, அங்கிருந்து கீழே எண்ணி ஸட்ஜத்தைப் பிடியுங்கள்.

4. பிறகு மிகத் தாழ்ந்த இடத்தைச் சோதியுங்கள்.

உதாரணம் சொல்கிறேன். கீழ்ப் பஞ்சமத்திலிருந்து மேல் ஸட்ஜம் வரை போகும் பாட்டு என்றால் சுருதி இரண்டு கட்டை. உச்சம் மேல் இரண்டு, அடி கீழ் ஆறு. சட்டை தைத்தாற்போல் பொருந்தும். சங்கராபரணம்போல் உள்ள மெட்டு மேல் ரிஷபத்தைத் தொட்டால் ஒரு கட்டைக்கு இறங்குங்கள். மேல் காந்தாரத்தைத் தொட்டால் ஆறரைக்கு. அப்போது கீழே பெண்கள் குரல் முனகலாகக் கேட்கும். பரவாயில்லை. தாழ்ந்த இடத்தில் முனகுகிறவர்கள் அடுத்த அடியில் வந்து சேர்ந்துகொள்வார்கள். உயர்ந்த இடத்தில் விட்டுப் போனவர்கள் அந்தப் பாட்டு முடியும்வரை திரும்ப மாட்டார்கள்.

சில நேரங்களில் இந்தக் கணக்கை மாற்ற வேண்டும். அருணோதயப் பிரார்த்தனை என்றால் விடியற்காலையில் யாருக்கும் குரல் எழும்பியிருக்காது, அரை முதல் ஒரு கட்டை இறக்குங்கள். துக்க வீட்டிலும் இறக்குங்கள். பிள்ளைகள் மட்டும் பாடும்போது ஒரு கட்டையோ ஒன்றரையோ ஏற்றலாம். அவர்களைத் தாழ்த்திப் பாடவைத்தால் கத்துவார்கள்.

இசைத்தட்டிலோ போனிலோ கேட்ட கட்டையை அப்படியே எடுக்காதீர்கள். அது ஒரு தேர்ந்த குரலுக்காக வைத்த கட்டை. கீபோர்டில் ட்ரான்ஸ்போஸ் பித்தான் இருந்தால் வாசிக்கிறவர் பழகிய இடத்திலேயே வாசித்துக்கொள்ளலாம், சுருதி மட்டும் மாறும். அடுத்த பாட்டுக்கு முன் அதைப் பூஜ்யத்துக்குத் திருப்பினாரா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

குறிப்பு: வாத்தியம் இல்லாத இடத்தில் போனில் சுருதிப்பெட்டி செயலி போதும். ஆனால் போனை விமான நிலையில் வைத்துவிட்டுத்தான். ஸட்ஜம் கேட்பதற்காகக் காதருகே வைத்த போனில் சினிமாப் பாட்டு ரிங்டோன் அடித்ததை நான் பார்த்திருக்கிறேன். ஐயர் கண்ணை மூடிக்கொண்டார்.

எடுக்கும் அந்தப் பதினைந்து விநாடி

1. எண்ணை இரண்டு தடவை சொல்லுங்கள், நடுவே முதல் அடியை. "பாமாலை எழுபத்திரண்டு", முதல் அடி, "ஏழு, இரண்டு, எழுபத்திரண்டு". எழுபத்திரண்டும் அறுபத்திரண்டும் காது மந்தமானவர்களுக்கு ஒன்றுபோலத்தான் கேட்கும்.

2. பக்கம் புரட்டும் சத்தம் அடங்கும்வரை சும்மா நில்லுங்கள். அந்த மௌனம் உங்களுக்குத்தான் நீளமாகத் தெரியும். அதை நிரப்ப ஒரு சின்னப் பிரசங்கம் செய்துவிடாதீர்கள்.

3. வாத்தியத்தில் கடைசி அடியை வாசிக்கச் சொல்லுங்கள். முழுச் சரணத்தையும் முன்னிசையாக வாசிப்பது தெரியாத பாட்டுக்கு மட்டும். வாத்தியம் இல்லையென்றால் ஸட்ஜத்தைப் பிடித்து முதல் நாலைந்து ஸ்வரத்தை மெல்ல முனகிக் காட்டுங்கள்.

4. தலையை நிமிர்த்திச் சபையைப் பாருங்கள். புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே எடுத்தால் சபையும் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே தாமதமாக வரும்.

5. எல்லாரும் பார்க்கும்படி மூச்சு வாங்குங்கள். அதே வேகத்தில், வாயைத் திறந்து, கையைத் தோள் உயரத்துக்குத் தூக்கி. இந்த மூச்சுதான் சைகை. பாட்டின் வேகத்திலேயே மூச்சும் இருந்தால் நாற்பது பேரும் ஒரே நேரத்தில் விழுவார்கள்.

6. கை இறங்கும்போது பாட்டு.

பாட்டு எப்போதும் தாளத்தின் அடியிலேயே தொடங்குவதில்லை. பல கீர்த்தனைகள் அடி விழுந்த பிறகு அரை இடம் தள்ளி எடுப்பு. சில பாமாலைகளில் முதல் அசை அடிக்கு முன்னாலேயே வந்துவிடும். முதல் வகைக்குக் கை இறங்கிய பிறகு வாய் திறக்க வேண்டும், இரண்டாவதற்குக் கை இறங்குமுன். வீட்டில் தொடையில் தட்டிப் பழகுங்கள். இது குழம்பினால் முதல் அடி முழுக்க ஆளுக்கொரு இடத்தில் இருக்கும்.

முதல் அடியில் சபையின் குரல் மங்கலாகத்தான் வரும். இரண்டாம் அடியில் ஏறும். அதற்குள் பதறிப்போய் நீங்கள் சத்தத்தைக் கூட்டினால், அவர் பாடுகிறாரே என்று சபை கேட்க உட்கார்ந்துவிடும்.

இழுவை

கிராமக் கோயில் பாட்டு இழுபடும் என்பது பெயர்பெற்ற உண்மை. நாலு நிமிடப் பாட்டு ஏழு நிமிடம் போகும். முதியவர்கள் மீது பழியைப் போடுவது எளிது. பெரும்பாலும் காரணம் முன்னால் நிற்பவர்தான். சபையின் சத்தம் உங்கள் காதுக்குச் சற்றுத் தாமதமாக வருகிறது. நீங்கள் அதற்காகக் காத்திருக்கிறீர்கள். சபை உங்களுக்காகக் காத்திருக்கிறது. ஒருவருக்கொருவர் மரியாதை செய்துகொண்டே வேகம் செத்துவிடும்.

என்ன செய்யலாம்:

அடியின் கடைசிச் சொல்லை நீட்டாமல் தாளக் கணக்கில் முடியுங்கள். சரணத்துக்கும் சரணத்துக்கும் நடுவில் விடும் இடைவெளி எப்போதும் ஒரே கணக்காக இருக்கட்டும். நாலு என்றால் ஒவ்வொரு முறையும் நாலு. வல்லினத்தை அழுத்திச் சொல்லுங்கள், க, ச, ட, த, ப கூர்மையாக விழுந்தால் தாளம் தானாக நிற்கும். கீபோர்டுக்காரர் கையை எடுக்காமல் ஒட்டி ஒட்டி வாசித்தால், கொஞ்சம் விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். சத்தத்தைக் கூட்டி வேகத்தைக் கூட்ட முடியாது, அது மாட்டை அதட்டி வண்டியை உருட்டப் பார்ப்பது.

வேகத்தை ஒரு சரணத்தின் நடுவில் மாற்றாதீர்கள். சரணம் முடியட்டும், அடுத்த மூச்சைப் புது வேகத்தில் வாங்குங்கள்.

எதிர்ப்பக்கத் தொல்லையும் உண்டு. வாலிபர் சங்கத்துத் தம்பி டோலக்கில் உட்கார்ந்தால் மூன்றாம் சரணத்தில் பாட்டு ஓட ஆரம்பிக்கும். அவன் கண் உங்கள் கையைப் பார்க்கும்படி அவனை உட்காரவையுங்கள். சபைக்கு முதுகு காட்டியோ ஸ்பீக்கருக்குப் பின்னாலோ வேண்டாம். பாமாலைக்கு டோலக்கே வேண்டாம் என்பது என் சொந்தக் கட்சி. சண்டைக்கு வருபவர்கள் வரலாம்.

மைக்கை விட்டு விலகுங்கள், ஷாக்கை விட்டும்

சின்னக் கோயிலில் பாட்டைக் கொல்வதில் மைக்குக்கு இணை எதுவும் இல்லை. ஐம்பது பேர் ஒருவருக்கொருவர் கேட்கிற அளவுள்ள கட்டடத்தில் ஒருவர் குரலை மட்டும் பெரிதாக்கினால் மற்ற ஐம்பதும் தன்னைத்தான் கேட்காமல் போகும். தன் குரலும் பக்கத்தில் இருப்பவர் குரலும் கேட்காத இடத்தில் மனிதர் பாடுவதில்லை.

நான் செய்வது இது. முதல் அடிக்கு மைக் ஒரு சாண் தூரத்தில். சபை சேர்ந்ததும் ஒரு முழம் பின்னால். இரண்டாம் சரணத்தில் பக்கவாட்டில் நகர்ந்து மைக்கை விட்டே விலகிவிடுவது. சரணம் தொடங்கும் முதல் சொல்லுக்கு மட்டும் திரும்பி வரலாம். எங்கள் பக்கத்துக் கோயில்களில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் உட்காருவது இதற்கு வாய்ப்பாக அமைகிறது. "மூன்றாவது சரணம் பெண்கள் மட்டும், நாலாவது ஆண்கள்" என்று சொல்லிவிட்டு நீங்கள் வாயை மூடிக்கொண்டு கேளுங்கள். பெண்கள் பாடும்போது ஆண்கள் கேட்பார்கள். தங்கள் முறை வரும்போது விட்டுக்கொடுக்க மனம் வராது.

இனி ஆபத்து. நாம் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு சிமென்ட் தரையில் நின்று, உலோக மைக்கைக் கையில் பிடித்து, உதட்டருகே வைக்கிறோம். ஆம்ப்ளிஃபையரில் மின்கசிவு இருந்தால் அது தரைக்குப் போகும் வழி நம் உடம்புதான். தரை கழுவிய ஈரம் இருந்தால் இன்னும் மோசம். ஆராதனைக்கு அரை மணி முன்னால் பாருங்கள்:

1. ஆம்ப்ளிஃபையரின் மூன்று முனை பிளக்கில் பெரிய முனையை உடைத்தோ வெட்டியோ வைத்திருக்கிறார்களா? அது எர்த். அது இல்லாத பிளக்கை மாற்றும்வரை வயருள்ள மைக்கைத் தொடாதீர்கள்.

2. எர்த் கம்பி உண்மையில் பூமிக்குப் போகிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கொண்டு வருடத்துக்கு ஒருமுறை சோதியுங்கள். பிளக்கில் முனை இருந்தும் சுவரில் கம்பி இல்லாத கோயில்கள் உண்டு.

3. மெயினில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போடச் சொல்லிக் கமிட்டியில் கேளுங்கள். கசிவு வந்த கணமே மின்சாரத்தைத் துண்டிக்கும். அதிலுள்ள சோதனைப் பித்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.

4. வயருள்ள மைக்குக்கு முன்னால் ஒரு ரப்பர் பாய் போடுங்கள். இது கூடுதல் காவல் மட்டும். எர்த்துக்கு மாற்று இல்லை.

5. மைக்கைத் தொட்டதும் விரலில் சுணைபோல் ஏதாவது உணர்ந்தால் அதோடு நிறுத்துங்கள். "லேசாத்தானே அடிக்குது" என்பவர் பேச்சைக் கேட்காதீர்கள். அன்றைக்கு மைக் இல்லாமல் பாடலாம். பாட்டு நன்றாகவும் இருக்கும்.

அசனப் பண்டிகைக்கு ஜெனரேட்டர் வைத்து, பந்தலில் லைன் இழுத்திருந்தால் மேலே சொன்னதில் ஒன்றையும் விடாதீர்கள்.

குழாய் ஒலிபெருக்கியை வெளியே கட்டுவதற்குக் காவல் துறையிடம் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கிக்குத் தடை. பண்டிகை நாட்களில் நள்ளிரவு 12 வரை அரசு தளர்வு கொடுக்கலாம், அதுவும் வருடத்துக்கு 15 நாளுக்கு மேல் இல்லை. அருணோதயத்துக்கும் கேரல் ரவுண்டுக்கும் இதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

புதுப் பாட்டு சொல்லிக் கொடுப்பது

அன்றைக்கு அறிமுகம் செய்து அன்றைக்கே பாடவைப்பதுதான் வழக்கமான தப்பு. ஒரு மாதம் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் வாரம் ஞாயிற்றுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு. அவர்கள் வீட்டில் பாடி வீட்டாருக்குத் தொற்றவைப்பார்கள். இரண்டாம் வாரம் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்தில். சபையின் குரல் அங்கேதான் இருக்கிறது. மூன்றாம் வாரம் காணிக்கை எடுக்கும்போது பிள்ளைகளும் பெண்களும் மட்டும் பாடட்டும், சபை கேட்கட்டும். நாலாம் வாரம் சபையார் எல்லாரும்.

கூட்டத்தில் கற்றுக்கொடுக்கும்போது ஓர் அடி நீங்கள், அதே அடி அவர்கள். இரண்டு தடவை சரியாக வந்த பிறகுதான் அடுத்த அடி. தப்பாக வந்த இடத்தைத் திருத்த "அப்படி இல்ல" என்று சொல்லத் தேவையில்லை, அந்த நாலு ஸ்வரத்தை மட்டும் மறுபடி பாடிக் காட்டினால் போதும். முதல் தடவையே சங்கதி போட்டுப் பாடாதீர்கள். ஆளுக்கொரு சங்கதி பிடித்துக்கொண்டால் பிறகு பத்து வருடம் ஆனாலும் சேராது.

புதுப் பாட்டுகள் பலவற்றுக்குப் பதிப்புரிமை உண்டு என்பதையும் மறக்க வேண்டாம். ஆராதனைக்குள் பாடுவதை 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் மீறலாகக் கொள்வதில்லை. அதையே பதிவுசெய்து யூடியூபில் போடுவதும், பாட்டுப் புத்தகமாக அச்சிட்டு விற்பதும் வேறு. அதற்கு எழுதியவரிடம் அனுமதி கேளுங்கள்.

தப்பிப் போனால்

மேலே எடுத்துவிட்டீர்கள். பல்லவியிலேயே தெரிந்துவிடும், கழுத்து நரம்புகள் தெரியும். அந்தச் சரணத்தை எப்படியாவது முடியுங்கள். முடிந்ததும் கையை உயர்த்தி நிறுத்தி, "கொஞ்சம் கீழே பாடுவோம்" என்று ஒரே வாக்கியம். இரண்டு கட்டை இறக்கி எடுங்கள். அரைக் கட்டை இறக்குவதில் பயனில்லை, ஒரேயடியாக இறக்குங்கள். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள்.

நீங்கள் ஒரு மெட்டில் எடுக்க, பின்னாலிருந்து பாட்டையா ஒருவர் வேறு மெட்டில் கம்பீரமாக எடுத்துவிட்டார். சபை யாரோடு போகிறது என்று கேளுங்கள். அவரோடு என்றால் நீங்களும் அவரோடு போங்கள். இதில் மானம் பார்த்தவர்கள் சபையை இரண்டாகப் பிளந்ததுதான் மிச்சம்.

கரண்ட் போய்விட்டது. கையால் தாளத்தைத் தட்டிக்கொண்டே தொடருங்கள், ஒரு விநாடிகூட நிற்காதீர்கள். கீபோர்டு நின்ற இடத்தில் சபையின் குரல் பளிச்சென்று கேட்கும். இன்வெர்ட்டர் வந்தாலும் கீபோர்டுக்காரர் அடுத்த சரணம்வரை காத்திருக்கட்டும். நடுவில் நுழைந்தால் சுருதி இடிக்கும். வாத்தியம் இல்லாமல் பாடும்போது சபை அரைக் கட்டை இறங்கியிருப்பது இயல்பு.

துக்க வீட்டுக்குத் தனி முறை வேண்டும். வாத்தியம் இருக்காது, புத்தகம் இருக்காது, பாடுகிறவர்களில் பாதிப் பேர் அழுதுகொண்டிருப்பார்கள். மனப்பாடமாகத் தெரிந்த மூன்று நாலு பாட்டுகளை, ஒவ்வொன்றிலும் மூன்று சரணமாவது, உங்கள் தலைக்குள் வைத்திருங்கள். அழுகிற மனிதருக்கு மூச்சு குறைவு. அடிகளுக்கு நடுவே கூடுதலாக இடம் விடுங்கள். இங்கே மட்டும் இழுவை தப்பில்லை. கல்லறைக்கு நடக்கும்போது நடையின் வேகமே தாளம். நெடுஞ்சாலையில் பவனி போனால் பாடகர்களைச் சாலையின் ஓரத்தில், வண்டிகள் வரும் பக்கத்தை விட்டு உள்ளே தள்ளி வையுங்கள். முன்னும் பின்னும் ஆள் நிற்க வேண்டும், இருட்டினால் அவர்கள் கையில் டார்ச். வீட்டார் குரல் உடைந்து நின்றுவிட்டால் நீங்கள் நிறுத்தாதீர்கள். அந்த நேரத்தில் மட்டும் உங்கள் குரல் தாங்கிப் பிடிக்க வேண்டியிருக்கும்.

தொண்டை

டிசம்பரில் கேரல் ரவுண்ட் ஐந்தாறு இரவு போன பிறகு கிறிஸ்துமஸ் ஆராதனையில் குரல் வராமல் நிற்பது வருடா வருடம் நடக்கும் கதை. பனியில் கத்திப் பாடுவதுதான் காரணம். இரவுக்கு இருவர் மூவராக மாறி மாறி எடுங்கள். தண்ணீர் பாட்டில் கையில் இருக்கட்டும். தொடங்குமுன் ஐந்து நிமிடம் உதட்டை மூடி முனகிக் குரலைச் சூடாக்குங்கள். கரகரத்த குரலைக் கனைத்துக் கனைத்துத் தெளிவாக்க முயலாதீர்கள், அது புண்ணை உரசுவதுபோல. கிசுகிசுப்பாகப் பேசினால் குரலுக்கு ஓய்வு என்பதும் தவறு. ஓய்வு என்றால் பேசாமல் இருப்பதுதான். மூன்று வாரத்துக்கு மேல் கரகரப்பு நீடித்தால் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போங்கள்.

மெழுகுவர்த்தி ஆராதனையில் பாட்டுத்தாளை ஒரு கையிலும் மெழுகுவர்த்தியை மறு கையிலும் கொடுக்காதீர்கள். தாள் தீப்பிடிக்கும், முன் வரிசைப் பிள்ளையின் சடையும் பிடிக்கும். மனப்பாடமான பாட்டை மட்டும் எடுங்கள். வாளியில் தண்ணீர் இருக்கட்டும்.

ஞாயிறு மதியம்

சாப்பிட்டுப் படுக்குமுன் ஒரு நோட்டில் ஐந்து நிமிடம் எழுதுங்கள். பாட்டு எண், எடுத்த கட்டை, எந்த இடத்தில் சபை விட்டுப் போனது, அடுத்த தடவைக்கு எந்தக் கட்டை. என் நோட்டில் ஒரு பக்கம் இப்படி இருக்கிறது: "முதல் பாட்டு 2 கட்டை, சரி. காணிக்கைப் பாட்டு 2½, அனுபல்லவியில் பெண்கள் பக்கம் போச்சு, 1½ போதும். மூணாஞ்சரணத்துல நான் பாடல, யாருக்கும் தெரியல."